விசில் வருகிற இடம்

ஒழுங்காக உட்கார் என்று எனக்குக் காவலாக வந்த போலீஸ் பேச்சியம்மாள் அக்கா மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார், நான் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், முதுகு நேராக, இரண்டு கையும் மடியில், விடுதி மதர் சொல்லி அனுப்பின மாதிரி அடக்கமான பிள்ளையாக, வாய் மட்டும்தான் உட்கார மாட்டேன் என்கிறது, அதற்கு நான் என்ன செய்ய. கொஞ்ச நேரம் முன்னால் கேஸ் கூப்பிடுகிற, சிவப்புப் பட்டை போட்ட டவாலி தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் அவருடைய குரலை எடுத்து, அடித்தொண்டையிலிருந்து கிளப்பி, கடைசி எழுத்தை ஒரு முழம் இழுத்து, "நாப்பத்திரெண்டாம் நம்பர் கேஸ்ஸ்ஸ்" என்று நடைபாதையில் விட்டேன். ஒரு வக்கீல் வாயில் பாதி வடையோடு, கறுப்பு அங்கிக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி ஓடினார் பாருங்கள், போய்ப் பூட்டின கதவில் முட்டித்தான் நின்றார். சாப்பாட்டு இடைவேளையில் எந்தக் கோர்ட்டு கேஸைக் கூப்பிடும்? குரல் சரியாக இருந்துவிட்டால் மனிதர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, அது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். பேச்சியம்மாள் அக்கா தொப்பியால் வாயை மறைத்துச் சிரித்துவிட்டு, "ஏய் பாப்பா, என் வேலைக்கு வேட்டு வச்சிராத, ஒன்னயப் பத்திரமா உள்ள விடுற வரைக்கும்தான் என் டூட்டி" என்றார். "ஒன்னயப் பத்திரமா உள்ள விடுற வரைக்கும்தான் என் டூட்டி" என்று அவர் குரலிலேயே திருப்பிக் கொடுத்தேன். "அடி ஆத்தி" என்று நெஞ்சில் கை வைத்தார். இரண்டேகாலுக்கு நீதிபதி அம்மா என்னைத் தனியாக அவருடைய அறைக்குக் கூப்பிட்டு, நீ யாரிடம் இருக்க விரும்புகிறாய் என்று கேட்பார். இப்போது ஒன்று நாற்பது. எனக்கு இடப்பக்கம் பதினைந்து அடி தள்ளி அப்பா. வலப்பக்கம் பதினைந்து அடி தள்ளி அம்மா. அளந்து போட்ட மாதிரி.

என் பெயர் நிரோஜினி மச்சாடோ, ஆனால் செய்தியில் எனக்குப் பெயர் கிடையாது, பதினைந்து வயதுச் சிறுமி, சட்டப்படி அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். இங்கே டிவிக்காரர் மேஜையைத் தட்டுகிறார், "ஒரே ஒரு சிறுமி, இரண்டு தேசங்கள், விட்டுக்கொடுக்கப் போவது யார்?", பின்னால் டும் டும் என்று ஓர் இசை, யாரையோ தூக்கில் போடுகிற மாதிரி. அந்தப் பக்கம் இலங்கை வானொலி அக்காவுக்கு மேஜை இல்லை, பன்னீர் தெளித்த குரல், "இந்தியாவில் தடுத்து வைக்கப்பட்டுள்ள சிறுமி தொடர்பில் அமைச்சு ஆழ்ந்த கவலை வெளியிட்டுள்ளது." இரண்டு குரலையும் விடுதியில் மாற்றி மாற்றிச் செய்து காட்டினேன், மதர்கூடச் சிரித்தார், அப்புறம் சிரித்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லை தாண்டிப் பிடிபட்ட மீனவர்களை விடுவது பற்றி இரண்டு நாட்டுக்காரர்களும் இந்த மாதம் உட்கார்ந்து பேசுவதாக இருந்தது. முதலில் எங்கள் பிள்ளையை அனுப்புங்கள் என்றார்கள் அங்கே. அவள் எங்கள் மண்ணில் பிறந்தவள் என்றார்கள் இங்கே. பேச்சு தேதி இல்லாமல் தள்ளிப்போனது. அப்பா தெரு மீனவர் நேவிஸ் மாமா அங்கே சிறையில் இருக்கிறார், நான் அப்போது இருந்த, அப்பாவின் அக்கா லூர்து அத்தையின் வீட்டு வாசலில் அவருடைய மனைவி வந்து நின்று, "ஏட்டி நிரோ, ஒன்னாலதான்ட்டி அவரு வரல" என்று சொல்லிவிட்டுப் போனார், அந்தக் குரலை மட்டும் நான் யாருக்கும் செய்து காட்டவில்லை. எதிர்ப் பெஞ்சில் கோட்டுப் போட்ட இரண்டு அதிகாரிகள், ஒருவர் டெல்லி, ஒருவர் கொழும்பு, காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் டெல்லிக்காரருக்குப் போனில் சார்ஜ் தீர்ந்துபோய், கொழும்புக்காரருடைய சார்ஜரைத்தான் மாட்டியிருக்கிறார். இரண்டு நாடும் ஒரே பிளக்கில் தொங்குகிறது, டிவிக்காரரே, இதைப் படம் எடுங்கள்.

நானும் ஒரு பிளக்தான். அம்மா தயாளினி வன்னிக்காரி, யுத்தம் முடிந்து தூத்துக்குடிக்கு வந்தவள், அப்பா ஆல்வின் மச்சாடோ படகு எஞ்சின் மெக்கானிக், கல்யாணம் பண்ணி, என்னைப் பெற்று, பதினோரு வருடம் சண்டை போட்டு, நாலு வருடத்துக்கு முன்னால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குத் திரும்பிப் போனாள். போனதும் இவர் அவளுடைய நம்பரைத் தடுத்தார், அவள் இவருடைய நம்பரைத் தடுத்தாள், அப்புறம் இரண்டு பேருக்கும் பேச வேண்டியது இருக்கும் இல்லையா, பள்ளிக்கூடம், காய்ச்சல், பாஸ்போர்ட்டு, அதையெல்லாம் பேசிப் பதிவு பண்ணி என் போனுக்கு அனுப்புவார்கள், நான் அங்கேயும் இங்கேயும் அனுப்புவேன். "அந்தாளுட்ட சொல்லு." "ஒங்கம்மாட்ட சொல்லு." ஒரு தடவை அம்மா பேசினது கேட்கவே சகிக்கவில்லை, அதை அப்படியே அனுப்பினால் அப்பா மூன்று நாள் சாப்பிட மாட்டார். நான் அதை அழித்துவிட்டு, அம்மா குரலில், நடுவில் அவள் செருமுகிற அந்தச் சின்னச் செருமல், வாக்கியத்தின் முடிவில் மூச்சை உள்ளே இழுக்கிற பழக்கம், எல்லாவற்றையும் போட்டு, "சரி, அவள் லீவுக்கு வரட்டும், கவனமாப் பாருங்கோ" என்று நானே பேசி அனுப்பினேன். அப்பா நம்பினார். நம்பினார் என்றால், சந்தோஷப்பட்டார். அதற்கப்புறம் நான் நிறுத்தவேயில்லை. அப்பா பிறந்தநாளுக்கு அம்மா வாழ்த்துச் சொன்னாள், சொன்னது நான். அம்மாவுக்குக் கால் சுளுக்கினபோது அப்பா ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், சொன்னது நான். இரண்டு அரசாங்கமும் கோட்டுப் போட்ட ஆட்களை வைத்துச் செய்ய முடியாததை நான் பள்ளிச் சீருடையில் நாலு வருடம் செய்தேன், யாராவது எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்களா?

அப்புறம்தான் அந்தப் பதிவு. ஏப்ரல் லீவுக்கு அப்பாவிடம் வந்தேன், லீவு முடிகிற வாரம் தெரு மாதா கோயில் திருவிழாவில் பலகுரல் போட்டி, முதல் பரிசு சைக்கிள், எனக்கு ஒரு பத்து நாள் வேண்டும், பத்தே பத்து நாள். அத்தை வீட்டு அடுப்படியில் நின்று, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து ஆரம்பித்தேன். பத்து நாள் இருக்கட்டும் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் குரல் ஒன்று நன்றாக வந்துவிட்டால் அது ஆளை இழுத்துக்கொண்டு போகும், சறுக்கு மரத்தில் ஏறி உட்கார்ந்த மாதிரி, பாதியில் இறங்க முடியாது, "இஞ்ச பாருங்கோ, நிரோ இந்த வருசம் அங்கயே இருக்கட்டும், பள்ளிக்கூடத்தில சேர்த்து விடுங்கோ, எனக்கும் ஏலாது, இவளால எனக்கு ஒரு நாள் நிம்மதி இல்லை, நீங்களே வச்சிருங்கோ" என்று அம்மா பேசிக்கொண்டே போனாள், என் வாய்க்குள் இருந்து. நிம்மதி இல்லை என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. பிறகு நான் அதை எங்கேயிருந்து எடுத்தேன்? இதுதான் இடறுகிறது, படுத்தாலும் இதுதான், பல் தேய்த்தாலும் இதுதான், மற்றவர் குரலையெல்லாம் கேட்டுத்தான் எடுப்பேன், இதை யாரிடம் கேட்டேன். அம்மா கூட்டுறவுக் கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பேசாமல் சோறு போடுவாள், பேசாமல் விளக்கை அணைப்பாள், அந்தப் பேசாமைக்கு நானே ஒரு வசனம் எழுதி வைத்திருந்திருக்கிறேன் போல. போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு, டிபன் கேரியர். தவளை மாதிரிக் கத்தினவனுக்கு சைக்கிள். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பார்த்தால் அப்பா பள்ளிக்கூடத்தில் பணம் கட்டி, சீருடை தைத்து, தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்திருந்தார். உண்மையைச் சொல்லப் போனேன். "ஒங்கம்மா மனசு மாறிட்டா பாத்தியாட்டி" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அம்மாவிடமும் சொல்ல வரவில்லை. அம்மா அழுதுகொண்டு விசா வாங்கி வந்தாள், மனுப் போட்டாள், பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றாள், அப்பாவின் வக்கீல் பதிவை எடுத்து நீட்டினார், நடுவில் இரண்டு நாட்டுக் கொடிகளும் வந்துவிட்டன. கேஸ் முடிகிறவரை என்னைக் கன்னியர் விடுதியில் வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பதிவைக் கோர்ட்டில் போட்டார்கள். பெரிய ஸ்பீக்கர், மேலே மின்விசிறி, எல்லோரும் கன்னத்தில் கை. என் வேலையை அவ்வளவு பேர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. செருமல் சரி. மூச்சு சரி. "நிம்மதி இல்லை" சரி. அதற்கு அப்புறம், "நீங்களே வச்சிருங்கோ"வுக்கு முன்னால், தூரத்தில், மெல்லியதாக, ஊஊஸ்ஸ் என்று ஒரு விசில். லூர்து அத்தையின் குக்கர்.  நூறு தடவை கேட்டும் அதை நான் கவனித்ததேயில்லை, என் குரலையே ரசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிளிநொச்சி வீட்டில் குக்கர் கிடையாது. அக்கம்பக்கத்தில் யாராவது வைத்தால்கூட அம்மா கிணற்றடிக்குப் போய்விடுவாள். ஷெல் விழுவதற்கு முன்னால் அப்படித்தான் கூவுமாம், கூவல் கேட்டால் படுக்க வேண்டும், கேட்காவிட்டால் படுத்துப் பிரயோசனம் இல்லை, இவ்வளவுதான் அம்மா யுத்தத்தைப் பற்றி எனக்குச் சொன்னது. ஸ்பீக்கரில் விசில் வந்தபோது அம்மாவின் தோள் துள்ளியது. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். நீதிபதி, "இது உங்க குரல்தானாம்மா?" என்று கேட்டார். அம்மாவின் வக்கீல் இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஓம். என்ர குரல்தான்" என்றாள்.

ஓம் என்ர குரல்தான். ஓம் என்ர குரல்தான். என்னால் செய்யவே முடியாத குரல் அது ஒன்றுதான், மூன்று நாளாக விடுதிக் குளியலறையில் முயற்சி செய்கிறேன், வார்த்தை வருகிறது, அது வரவில்லை. பொய்ச் சாட்சி தயாரித்தவள் என்று என்னைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்தாளா? இல்லை, பிள்ளை இப்படித்தான் நினைக்கிறாள் என்றால் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டாளா? விசா ஞாயிறோடு முடிகிறது. இரண்டு நாடும் முறைத்துக்கொண்டு நிற்கும்போது அடுத்த விசா யார் கொடுப்பார்கள். பிள்ளையை வேண்டாம் என்று சொன்ன தாய் என்று செய்தியில் போட்டுவிட்டார்கள், பெயர் போடாமல் முகம் மறைத்து, ஆனால் கிளிநொச்சியில் அந்தச் சேலையை எல்லோருக்கும் தெரியும். என் பொய்யை எடுத்து அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறப் போகிறாள். அம்மா, இது நியாயமில்லை, அது என்னுடையது, நான் கஷ்டப்பட்டுச் செய்த வேலை, என்னைக் கேட்காமல் எப்படி உங்கள் பெயரில் எழுதிக்கொள்வீர்கள்?

சரி, அப்பா? இந்தப் பக்கமும் ஓர் இடறல். அந்தக் குக்கர் எங்கேயிருந்து அத்தை வீட்டுக்கு வந்தது? எனக்கு ஆறு வயதில் அப்பா முதல் போனஸில் வாங்கி, பளபளவென்று, அம்மாவுக்குத்தான் கொண்டுவந்தார். முதல் விசிலுக்கே அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள், என் முகத்தைத் தரையில் அழுத்திப் பிடித்த அந்தக் கை, சிமெண்டு வாசனை, அப்பா குனிந்து "தயா, தயா, சோறுதான், வெறும் சோறுதான்" என்று சொன்னது, எல்லாம் இருக்கிறது. அன்று சாயங்காலமே அதைத் தூக்கிப்போய்த் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டார். அந்த விசில் அப்பாவுக்குத் தெரியாதா? கரையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வருகிறது யாருடைய படகு, எஞ்சினில் என்ன கோளாறு என்று சொல்கிற மனிதர். எனக்கு இந்தக் காது அவர் போட்ட பிச்சை. முதல் முதலாக நான் செய்து காட்டிய குரல் மனிதக் குரல்கூட இல்லை, ஒரு டீசல் எஞ்சின், அப்பா கைதட்டினார்.

"ஏட்டி, சாப்ட்டியா?" அப்பாதான், ஒரு மாம்பழ ஜூஸோடு எழுந்து வந்துவிட்டார். பேச்சியம்மாள் அக்கா, "சார், பக்கத்துல வரக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கள்ல" என்றார். "ஜூஸ குடுத்துட்டுப் போயிருதேன் மேடம், பெத்த பிள்ளதான, வெசமா குடுக்கப் போறேன்?" வலப்பக்கத்திலிருந்து அம்மா, யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "அவளுக்கு அது குடிச்சால் தடிமன் பிடிச்சு மூக்கு ஒழுகும், ஆரும் சொல்லுங்கோ" என்றாள். அப்பா, அவரும் சுவரைப் பார்த்து, "ஐஸ் போடாமத்தான் வாங்கிருக்கேன்னு யாரும் சொல்லுங்க" என்றார். பேச்சியம்மாள் அக்கா இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய், வெளியே ஜெனரேட்டர் தடதடவென்று கிளம்பியது. அப்பாவின் தலை தானாகவே சாய்ந்தது. "ஒரு நாசில் அடச்சிருக்கு, டீசல் சரியா வரல" என்றார் தனக்குள். எனக்கு அது போதும். "ஒங்க காதுக்கு எல்லாம் கேட்கும்லப்பா?" என்றேன், என் குரலில்தான், மெதுவாகத்தான். "எல்லாம்னா?" "தூரத்துல வர்ற சின்னச் சத்தம்கூட. ஸ்பீக்கர்ல." அவருடைய கை ஜூஸ் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தது, திரும்ப மூடியது. "சிலது கேட்கும்ட்டி" என்றார். "சிலது கேட்டாலும்..." அதோடு விட்டுவிட்டு, பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தன் இடத்துக்கு, அந்தப் பதினைந்து அடிக்கு, வயதானவர் மாதிரி நடந்து போனார். ஆக, இரண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தி என்னைக் காப்பாற்றப் பேசாமல் இருக்கிறாள், ஒருவர் என்னை வைத்துக்கொள்ளப் பேசாமல் இருக்கிறார், இரண்டு நாட்டுக்காரர்களும் தொண்டை கிழியப் பேசுகிறார்கள், வாயாடி என்று பெயர் வாங்கின நான் மட்டும் ஜூஸ் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாக்கும்.

பயமாக இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு மிமிக்ரிதான்.  பொய்ப் பதிவு செய்த பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் இல்லம் இருக்குமோ, கம்பி போட்ட ஜன்னல், காலையில் மணி, அங்கேயும் ஒரு மதர் இருப்பார், அவர் குரலையும் இரண்டு நாளில் எடுத்துவிடுவேன், அது பிரச்சினை இல்லை. அப்பாவைப் பிடிப்பார்களோ? நேவிஸ் மாமா மனைவி என்ன சொல்வார்? டிவிக்காரர் மேஜையை எப்படித் தட்டுவார்? தட்டட்டும். என் குரலை வைத்து இத்தனை பேர் பிழைத்துவிட்டார்கள், கடைசியில் நான் பேசினால் மட்டும் குற்றமா? உண்மையான டவாலி கதவைத் திறந்து என் நம்பரைக் கூவினார், நான் செய்ததைவிடச் சுமார்தான். பேச்சியம்மாள் அக்கா என் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, "தைரியமா பேசு பாப்பா, ஆனா ஒன் சொந்தக் குரல்ல பேசு" என்றார்.

நீதிபதி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேஜை மேல் ஒரு சாக்லேட்டை வைத்து, "பயப்படாதம்மா, உனக்கு யார்கூட இருக்கணும்?" என்று கேட்டார். "ரெண்டு பேரையும் உள்ள கூப்பிடுங்க மேடம், அப்பத்தான் சொல்லுவேன்" என்றேன். அது வழக்கமில்லை என்றார். "நான் செஞ்சதும் வழக்கமில்ல மேடம்" என்றேன். மணியை அடித்தார். அம்மா வந்து கதவோரமாக நின்றாள், அப்பா அலமாரியோரமாக, அறை சின்னதானதால் இப்போது பதினைந்து அடி கிடையாது, ஐந்துதான். எழுந்து நின்றேன். செருமினேன், அம்மாவின் செருமல். "இஞ்ச பாருங்கோ, நிரோ இந்த வருசம் அங்கயே இருக்கட்டும்..." நீதிபதியின் கை பேனாவை விட்டது. தட்டச்சு செய்கிறவர் அம்மாவின் வாயைப் பார்த்தார், அது மூடியிருந்தது, என் வாயைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்தில சேர்த்து விடுங்கோ, எனக்கும் ஏலாது, இவளால எனக்கு ஒரு நாள் நிம்மதி இல்லை." அடுத்தது விசில். என்னால் அதையும் செய்ய முடியும், எவ்வளவு நன்றாக என்றால், இந்தக் கட்டடமே சோறு வெந்துவிட்டது என்று நினைக்கும். அம்மாவின் இரண்டு கையும் காதை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டன. நான் நிறுத்தினேன். விசில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம், வாயை மூடி, அந்த இடத்தை வெறுமனே விட்டேன். நான் செய்ததிலேயே கஷ்டமான மிமிக்ரி அதுதான். அம்மாவின் கைகள் அப்படியே நின்று, மெதுவாக இறங்கின.  அலமாரிப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது, உடைந்து, எஞ்சினுக்குத் தண்ணீர் புகுந்த மாதிரி, "அந்த எடத்துல ஒரு விசில் இருக்குங்கம்மா. எங்கக்கா வீட்டுக் குக்கர். எனக்கு மொத நாளே தெரியும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். சுவரை அல்ல. நீதிபதி அம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டி, என்னிடம், "சரி, இப்ப நீ சொல்லு. யார் குரலும் வேண்டாம்" என்றார்.  யாருடைய செருமலையும் போடாமல் பேசினேன், நன்றாகவே இல்லை, கீச்சென்று இருந்தது, பாதித் தூத்துக்குடி, பாதிக் கிளிநொச்சி, போட்டியில் வைத்தால் மூன்றாம் பரிசுகூடக் கிடைக்காது. "நான் அம்மாவோட போறேன். லீவு விட்டா அப்பாட்ட வருவேன், ஒவ்வொரு லீவுக்கும், அதை ரெண்டு நாட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டுத் தரணும். இவங்க ரெண்டு பேரும் நம்பரைத் திறந்து விடணும், இன்னைக்கே, இங்கயே. இனிமே ஒருத்தர் பேச்சை ஒருத்தருக்கு நான் தூக்கிட்டுப் போக மாட்டேன்." தட்டச்சு செய்கிறவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், விரல் எதுவும் அசையவில்லை. "நீங்க எழுதலையே சார்" என்றேன். "எழுதுங்க. மொதல்லேர்ந்து சொல்றேன்."